கேரோ: உவமையாக்கப்பட்ட ஊர்

2011 ஏப்ரல் மாத இறுதியில், மிஸ்ஸிஸிப்பியும் ஒஹாயோவும் ஒருசேரப் பெருக்கெடுத்திருந்த நாட்களில், மிஸௌரி மாநிலச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவரிடம் செய்தியாளர்கள் ஒரு கேள்வி கேட்டனர். ஆற்றின் ஒரு கரையில் மிஸௌரியின் விளைநிலங்கள். எதிர்க்கரையில் இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்கோடிச் சிற்றூர் ஒன்று. இரண்டில் ஒன்று மூழ்கியே தீரவேண்டுமெனில் எது மூழ்கலாம்? அவர் தயங்கவில்லை. அந்த ஊர்தான் மூழ்கலாம் என்றார். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா என்று கேட்டவர்களையே திருப்பிக் கேட்கவும் செய்தார். எதிர்ப்பு எழுந்தபின் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மன்னிப்பைப் பற்றி நமக்கொன்றும் இல்லை. அப்படியொரு விடை அவ்வளவு எளிதாக ஒருவர் நாவில் வந்து நிற்பதற்கு முன்னால் எத்தனை பேர், எத்தனை ஆண்டுகள் பாடுபட்டிருக்க வேண்டும் என்பதே நம் கவலை. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2,831 பேர் அங்கே குடியிருந்தனர். பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். உயிரோடிருக்கும் ஊரை மூழ்கடிக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். செத்துவிட்டதாக முன்பே அறிவிக்கப்பட்ட ஊரென்றால் அந்தக் கூச்சம் தேவைப்படுவதில்லை. அவ்வறிவிப்பை எழுதியவர்களில் அரசியல்வாதிகளைக் காட்டிலும் எழுத்தாளர்களும் பயணிகளும் வாசகர்களுமே முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பது நம் வாதம்.

ஊரின் பெயர் எகிப்தின் தலைநகரிலிருந்து எடுத்தது. எழுத்தில் கெய்ரோ. ஆனால் ஊரார் அதைக் 'கேரோ' என்றே சொல்வர். இனி இக்கட்டுரையில் நாமும் அவர்கள் சொல்வதுபோலவே எழுதுவோம். தம் ஊரை எப்படி அழைப்பது என்று முடிவுசெய்யும் உரிமையாவது அவர்களுக்கு இருக்கட்டும். பக்கத்திலேயே தீப்ஸ், கார்னக் என்றும் ஊர்கள் உண்டு. தென் இல்லினாய்ஸ் முழுவதற்குமே 'சின்ன எகிப்து' என்றொரு வழக்குப்பெயர் இருக்கிறது. பெரிய ஆற்றைக் கண்டவுடன் நைல் நினைவுக்கு வந்திருக்கிறது போலும். உவமை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இணையத்தில் கேரோவின் பெயரைத் தட்டிப் பாருங்கள். 'ஆவிகளின் நகரம்', 'அமெரிக்காவின் கைவிடப்பட்ட ஊர்' என்ற தலைப்புகளில் காணொளிகள் வரிசை வரிசையாக வரும். யாரோ ஒருவர் காரை மெதுவாக ஓட்டியபடி கமர்ஷியல் அவென்யூ எனும் கடைத்தெருவின் உடைந்த சாளரங்களைப் படமெடுக்கிறார். பின்னணியில் சோக இசை. இரண்டு தெரு தள்ளி வாஷிங்டன் அவென்யூவில் 1884இல் கட்டிய நூலகம் நின்றுகொண்டிருப்பதைப் பலரும் காட்டுவதில்லை. காட்டினாலும் அதுவும் இடிபாட்டின் அழகாகிவிடுகிறது. இவர்களை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. ஒப்பிலக்கிய வகுப்புகளில் மார்க் ட்வைனைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம், கேரோவைத் 'தவறவிட்ட விடுதலையின் குறியீடு' என்று நாமே சொல்லிவந்திருக்கிறோம். மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா, அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நாமும் சொன்னதில்லை. இக்கட்டுரைக்கு அந்த உறுத்தலும் ஒரு காரணம்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். இல்லினாய்ஸ் மாநிலம் தெற்கே ஒடுங்கி ஒடுங்கி வந்து ஒரு முனையில் முடிகிறது. அம்முனையில் கிழக்கிலிருந்து வரும் ஒஹாயோ, வடக்கிலிருந்து வரும் மிஸ்ஸிஸிப்பியில் கலக்கிறது. இரண்டுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்ட தாழ்நிலத்தில் கேரோ அமர்ந்திருக்கிறது. ஆறுகள் கூடும் அந்த முனையே மாநிலத்தின் மிகத் தாழ்ந்த புள்ளி. ஒஹாயோவுக்கு அப்பால் கென்டக்கி, மிஸ்ஸிஸிப்பிக்கு அப்பால் மிஸௌரி. அடிமைமுறை ஒழிக்கப்படும்வரை இரண்டுமே அடிமை மாநிலங்கள். உள்நாட்டுப் போரில் தென்தரப்பின் தலைநகராயிருந்த ரிச்மண்ட்கூட கேரோவைவிட வடக்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் காணும்போது வியப்பாக இருக்கும். வட மாநிலத்தின் ஊர்தான், ஆனால் தெற்கின் மடியில் கிடக்கும் ஊர். ஊரைச் சுற்றிலும் வெள்ளத்தடுப்புக் கரை. வடக்கு நுழைவாயிலில் மாபெரும் இரும்புக் கதவு ஒன்று உண்டு. பெருவெள்ளம் வந்தால் அதை இறக்கி ஊரையே மூடிவிடலாம். கரைக்கு மேலாக நீர் வராவிட்டாலும் கரைக்குக் கீழாக வரும். ஆறு உயரும்போதெல்லாம் ஊருக்குள் மண்ணைப் பிளந்துகொண்டு ஊற்றெடுக்கும்.

இத்தகைய நிலத்தைக் கண்டால் தமிழிலக்கியம் படித்த மனம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். நிலமும் பொழுதும் முதற்பொருள், அதிலிருந்து கருப்பொருள், அதற்கு இயைந்த உரிப்பொருள். நிலத்தைச் சொன்னால் வாழ்க்கையைச் சொன்னதாகிவிடும் என்று பழகிய மனம் அது. அதிலும் பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற கருத்து நமக்கு மிகவும் பிடித்தமானது. கேரோவை அப்படி வாசித்துவிடலாம். இரண்டு பேராறுகள் கூடும் மருதம், காலம் திரிந்து பாலையாயிற்று! அழகான கட்டுரை கிடைக்கும். ஆனால் பாலையில் நிலத்தைத் திரிப்பது வேனில். கேரோவில் திரித்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பெயர்கள் உண்டு, அவர்கள் கையெழுத்திட்ட தாள்கள் உண்டு. திணைக் கோட்பாட்டை நாம் குறைத்துச் சொல்லவில்லை. குற்றத்தை மறைக்கும் திரையாக அது பயன்படக்கூடாது என்கிறோம்.

நிலத்தின் பழியை முதலில் எழுதிவைத்தவர் சார்ல்ஸ் டிக்கன்ஸ். 1842 ஏப்ரலில் நீராவிப் படகில் அவ்வழியாகச் சென்றவர் கண்டது சேறு, காய்ச்சல், அழுகும் குடிசைகள். தம் அமெரிக்கப் பயணநூலில் அதைக் கல்லறையோடு ஒப்பிடுமளவுக்குக் கடுமையாக எழுதினார். அடுத்து வந்த 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' நாவலில் ஏமாற்றுப் பேர்வழிகள் விற்கும் 'ஏதேன்' என்னும் சதுப்புநிலக் குடியேற்றம் கேரோவை வைத்தே எழுதப்பட்டது என்பது பரவலான கருத்து. டிக்கன்ஸிடம் நமக்குப் புகார் இல்லை. அவர் சினம் நிலத்தின் மீதன்று, அதை விற்றவர்கள் மீது. டேரியஸ் ஹோல்புரூக் என்பவர் 1837இல் தொடங்கிய நிறுவனம் லண்டனில் கடன்பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டியது. ஊரில் நிலத்தை யாருக்கும் விலைக்குக் கொடுக்காமல் குத்தகைக்கு மட்டுமே விட்டது. 1840இல் லண்டனில் பணம் புரட்டிக்கொடுத்த வங்கி முறிந்தது, நிறுவனமும் சாய்ந்தது, வேலையிழந்த மக்கள் வெளியேறினார்கள். டிக்கன்ஸ் பார்த்தது ஒரு பங்குச்சந்தைச் சரிவின் மிச்சத்தை. இரண்டாண்டுகள் முன்னால் வந்திருந்தால் கட்டுமானத்தின் ஆரவாரத்தைக் கண்டிருப்பார். ஆனால் வாசகர்கள் எடுத்துக்கொண்டது சேற்றை மட்டுமே. மோசடி மறந்துபோயிற்று, சதுப்பு நிலைத்துவிட்டது. இன்றும் கேரோவைப் பற்றி எழுதுகிறவர்கள் 'அன்றே டிக்கன்ஸ் சொன்னார்' என்றுதான் தொடங்குகிறார்கள், ஏதோ அவர் சாதகம் கணித்துவைத்ததைப் போல.

அடுத்தவர் ட்வைன். ஹக்கும் ஜிம்மும் தெப்பத்தில் மிஸ்ஸிஸிப்பியில் மிதந்து வருகிறார்கள். கேரோவை அடைந்து, தெப்பத்தை விற்றுவிட்டு, நீராவிப் படகேறி ஒஹாயோவில் மேலேறி, அடிமைமுறை இல்லாத மாநிலங்களுக்குப் போவது திட்டம். மூடுபனியில் ஊரைத் தவறவிடுகிறார்கள். கரையோரமாக ஒஹாயோவின் தெளிந்த நீரும் நடுவில் மிஸ்ஸிஸிப்பியின் கலங்கல் நீரும் கலக்காமல் ஓடுவதைக் கண்டபின்தான் கடந்துவிட்டோம் என்பது தெரிகிறது. அதற்குமேல் ஜிம் தெற்கே தெற்கே, அடிமைமுறையின் ஆழத்துக்குள் இழுத்துச் செல்லப்படுகிறான். இதைத்தான் 'தவறவிட்ட விடுதலை' என்று சொல்லித்தந்தோம்.

ஆனால் ஓர் எளிய கேள்வியை நாம் கேட்டதே இல்லை. தெப்பத்தின் இடப்பக்கக் கரை முழுவதும் இல்லினாய்ஸ். அது அடிமைமுறை இல்லாத மாநிலம். ஜிம் எந்த இரவிலும் அங்கே இறங்கி நடந்திருக்கலாமே? நடக்க முடியாது. 1819ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் சட்டப்படி, விடுதலைச் சான்று கையில் இல்லாத கறுப்பின மனிதர் தப்பியோடியவராகக் கருதப்பட்டுக் கைதாவார். ஆண்டுக் கூலிக்கு யாரிடமாவது ஒப்படைக்கப்படுவார். 1853இல் இன்னும் ஒருபடி மேலே போய், கறுப்பின மக்கள் மாநிலத்துக்குள் குடியேறுவதையே தடைசெய்தார்கள். தண்டம் கட்ட முடியாதவரின் உழைப்பு ஏலம் விடப்பட்டது. இச்சட்டங்கள் நீங்கியது 1865இல். ஆகவே கேரோ ஒருபோதும் ஜிம்முக்கு விடுதலை ஆகியிருக்காது. அது ஆறு மாறும் துறை மட்டுமே. ட்வைன் இதை நன்றாக அறிந்தவர், அதனால்தான் ஒஹாயோவில் வெகுதூரம் மேலேறிப் போகத் திட்டமிட வைக்கிறார். குறியீட்டின் மோகத்தில் நாம்தான் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

உண்மையான கேரோவுக்கு உண்மையான ஜிம்கள் வந்துசேர்ந்த காலம் ஒன்று உண்டு. அது நாவலில் இல்லை. 1861 செப்டம்பரில் ஜெனரல் கிராண்ட் அங்கே முகாமிட்டார்; இரு ஆறுகளின் கழுத்தும் ஒரே பிடியில் அடங்கும் இடமல்லவா! அங்கிருந்துதான் பதுக்காவையும், 1862 பிப்ரவரியில் ஹென்றி, டோனல்சன் கோட்டைகளையும் பிடிக்கப் படைகள் புறப்பட்டன. படை தெற்கே நகர நகர, பண்ணைகளிலிருந்து தப்பிய மக்கள் ஆயிரக்கணக்கில் கேரோவுக்கு வந்தார்கள். பகைவரிடம் கைப்பற்றிய சரக்கைக் குறிக்கும் சொல்லாலேயே இராணுவம் அவர்களையும் அழைத்தது என்பதை மறக்கவேண்டாம். 1862 செப்டம்பரில் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டன் அவர்களை இல்லினாய்ஸின் உட்பகுதிக்கு வேலைக்கு அனுப்ப ஆணையிட்டார். வடக்கின் வெள்ளையர் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே ஆணை நிறுத்தப்பட்டது. பலர் கேரோவிலேயே தங்கினார்கள். கூடாரங்களில் நோயால் செத்தவர்கள் போக, எஞ்சியவர்கள் துறைமுகத்தில் சுமை தூக்கினார்கள், தேவாலயம் கட்டினார்கள், பள்ளி தொடங்கினார்கள். 1900இல் ஊரின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அவர்களே. கேரோவின் வரலாறு என்றால் அது முதன்மையாக இவர்களுடைய வரலாறு. இந்த அத்தியாயத்தை எழுத ஒரு ட்வைன் வரவில்லை.

இனி பாலங்களின் கதை. ஊரை ஆறு உருவாக்கியது, பாலம் கொன்றது என்பது புவியியல் அறிந்தவர்கள் சொல்லும் விளக்கம். 1850களின் நடுவில் இல்லினாய்ஸ் சென்ட்ரல் இரயில்பாதை கேரோவை வந்தடைந்தது. சரக்கும் பயணிகளும் இறங்கிப் படகேற வேண்டியிருந்தது; அந்த இறங்குதலே ஊரின் பிழைப்பு. 1889இல் ஒஹாயோவின் குறுக்கே இரயில் பாலம் திறக்கப்பட்டது. 1929இல் மிஸ்ஸிஸிப்பிக்கும், 1930களின் பிற்பகுதியில் ஒஹாயோவுக்கும் சாலைப்பாலங்கள் வந்தன. 1978இல் தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள் வராமலேயே ஆற்றைக் கடந்துபோயிற்று. நிற்க வேண்டிய தேவை இல்லாதவர்கள் நிற்கவில்லை, ஊர் தேய்ந்தது என்பது இவ்விளக்கம். இதில் உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் 1889இல் பாலம் வந்தபின் முப்பது ஆண்டுகள் ஊர் வளர்ந்துகொண்டேயிருந்தது என்பதை என்ன செய்வது? 1900இல் 12,566 பேர், 1910இல் 14,548, 1920இல் 15,203. பாலம் கட்டிய உடனே இரயில் நிலையம் இறந்துவிடுவதில்லை. பாலத்தை மட்டும் சொல்கிறவர்கள் வேறொன்றைச் சொல்லாமல் இருப்பதற்காகவே அதைச் சொல்கிறார்கள் என்ற ஐயம் நமக்கு வலுக்கிறது.

சொல்லாமல் விடப்படுவது இது. 1909 நவம்பர் 11 அன்று இரவு, வில் ஜேம்ஸ் என்ற கறுப்பின இளைஞரை ஆயிரக்கணக்கானோர் கொண்ட கும்பல் ஒன்று கேரோவின் நடுவீதியில் கொன்றது. மின்விளக்கு அலங்காரம் செய்த ஒரு வளைவின்கீழ், எல்லா விளக்குகளையும் எரியவிட்டுக்கொண்டு, மறைவில்லாமல் நடந்த கொலை அது. கூட்டம் கலையாமல் அதே இரவில் மனைவியைக் கொன்ற குற்றச்சாட்டில் சிறையிலிருந்த ஒரு வெள்ளையரையும் இழுத்து வந்து கொன்றது. வில் ஜேம்ஸின் கொலைக்காட்சி அஞ்சலட்டைகளாக அச்சிடப்பட்டு விற்கப்பட்டது. ஜேம்ஸைக் காவலில் வைத்திருந்த ஷெரிஃப் ஃபிராங்க் டேவிஸை ஆளுநர் டெனீன், 1905ஆம் ஆண்டுச் சட்டப்படிப் பதவிநீக்கம் செய்தார். ஷெரிஃப் மீண்டும் பதவி கேட்டு விண்ணப்பித்தபோது, சிகாகோவிலிருந்து தனியாக இரயிலேறி வந்தார் ஐடா பி. வெல்ஸ். ஊராரிடம் விசாரித்தார், கையெழுத்துகள் திரட்டினார், மாநிலத் தலைநகரில் ஷெரிஃபின் வழக்கறிஞருக்கு எதிராகத் தாமே வாதாடினார். ஷெரிஃபுக்குப் பதவி கிடைக்கவில்லை. கேரோவைப் பற்றி எழுத வருகிறவர்கள் டிக்கன்ஸை விட்டுவிட்டு வெல்ஸிடமிருந்து தொடங்கினால் என்ன? அவர் வந்தது ஊரைப் பார்க்க அல்ல, ஊரில் ஒரு வேலை இருந்தது, அதைச் செய்ய வந்தார்.

1962இல் மாணவர்கள் ஊரின் நீச்சல்குளத்துக்கு வெளியே மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கும் ஒரு நிழற்படம் உலகப்புகழ் பெற்றது. எடுத்தவர் டேனி லயன். அதில் மண்டியிட்டிருக்கும் இளைஞர்களுள் ஒருவர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகப் பல்லாண்டு இருந்த ஜான் லூயிஸ். அந்தக் குளத்தைத் 'தனியார் மன்றம்' என்று பெயரிட்டு வெள்ளையருக்கு மட்டும் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது மூடிவிட்டார்கள். பிற்பாடு சிமெண்டைக் கொட்டி நிரப்பினார்கள். வெயில் கொளுத்தும் ஊரில், தம் பிள்ளைகளும் நீந்தவேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்! இதில் உவமைக்கு இடமே இல்லை. குளம் குளம்தான், சிமெண்ட் சிமெண்ட்தான்.

1967 ஜூலையில் விடுப்பில் வந்திருந்த ராபர்ட் ஹன்ட் என்ற பத்தொன்பது வயதுக் கறுப்பினப் படைவீரர் கேரோ காவல்நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். தற்கொலை என்றது காவல்துறை. கறுப்பின மக்கள் நம்பவில்லை. கலவரம் மூண்டது, தேசியக் காவற்படை வந்தது. வெள்ளையர் வெண்ணிறத் தலைக்கவசம் அணிந்த ஆயுதக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். 1969இல் உள்ளூர்ப் போதகர் சார்ல்ஸ் கோயன் முதலானோர் ஐக்கிய முன்னணியைத் தொடங்கி, கடைப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது என்ன தெரியுமா? தாங்கள் காசு கொடுத்துச் சாமான் வாங்கும் கடைகளில் தங்களவர் சிலருக்கும் வேலை. வணிகர்கள் மறுத்தார்கள். புறக்கணிப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது, இரவுகளில் துப்பாக்கிகள் வெடித்தன. கல்லாவில் ஒரு கறுப்பினப் பெண்ணை அமர்த்துவதைவிடக் கடையைப் பூட்டுவதே மேல் என்று ஒவ்வொருவராகப் பூட்டிக்கொண்டு போனார்கள். கூட்டரசின் குடியுரிமை ஆணையம் 1972இல் ஊருக்கே வந்து விசாரணை நடத்தி, 1973இல் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையின் தலைப்பிலேயே கேரோவை இனப் பிளவின் 'குறியீடு' என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆணையமுமா என்று வாசித்தபோது நமக்கு ஆயாசமாக இருந்தது.

இங்கேதான் நாம் முக்கியமாக எதிர்க்கும் உவமை வருகிறது: 'கேரோ தற்கொலை செய்துகொண்டது.' வெறுப்பினால் தன்னைத்தானே அழித்துக்கொண்ட ஊர் என்று பத்திரிகையாளர்கள் எழுதுகிறார்கள், முற்போக்காளர்கள் எழுதுகிறார்கள், இரக்கத்தோடும் எழுதுகிறார்கள். கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் தற்கொலையில் கொன்றவரும் செத்தவரும் ஒருவரே. கேரோவில் அப்படியா? குளத்தில் சிமெண்ட் கொட்டியவர் ஒருவர், நீந்தக் கேட்டவர் வேறொருவர். கடையைப் பூட்டிப் போனவர் ஒருவர், பூட்டிய கடைக்கு எதிரே இன்றும் குடியிருப்பவர் வேறொருவர். 'ஊர்' என்ற ஒரே எழுவாயைப் போட்டு இருவரையும் ஒரே வினைமுற்றில் கட்டிவிடுகிறார்கள். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இந்த எழுவாய்மீது ஐயம் வரவேண்டாமா?

இவ்வுவமையின் இன்னொரு வடிவம் வெளிப்படையாகவே நஞ்சு: புறக்கணிப்புதான் ஊரைக் காலிசெய்தது, கேட்டுக் கேட்டே கெடுத்தார்கள் என்பது. இதற்கு மக்கள்தொகைக் கணக்கே விடை சொல்லும். 1920இல் 15,203 ஆக இருந்தது, 1960இல் 9,348. ஐந்தாயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்டோர் குறைந்தது புறக்கணிப்பு என்ற பேச்சே எழாத நாற்பது ஆண்டுகளில். 1970இல் 6,277; அந்தப் பத்தாண்டின் கடைசி ஓராண்டில்தான் புறக்கணிப்பு நடந்தது. அதன் உச்சமும் பின்விளைவும் எல்லாம் அடங்கிய அடுத்த பத்தாண்டில் என்ன ஆயிற்று? 1980இல் 5,931. குறைந்தவர்கள் 346 பேர் மட்டுமே. 1920க்குப் பிந்தைய கேரோ இத்தனை குறைவாக இழந்த பத்தாண்டுகள் அரிது. எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடாது, யார் போனார் யார் வந்தார் என்பது வேறு கணக்கு. ஆனாலும் 'புறக்கணிப்பு காலிசெய்தது' என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெற இது போதும். போதாதென்றால், அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த வழக்கினால்தான் 1980இல் வார்டுவாரித் தேர்தல் வந்து, கறுப்பின மக்கள் தங்கள் உறுப்பினர்களை நகர்மன்றத்துக்கு அனுப்ப முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊர் 'செத்த' காலத்தில்தான் அவர்களுக்கு அங்கே குடிமை கிடைத்தது.

அதே கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது, அதைப் பற்றி ஆவி வேட்டைக்காரர்கள் பேசுவதில்லை. 2010இல் 2,831, 2020இல் 1,733. பத்தாண்டில் 1,098 பேர், அதாவது நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் மேல். இது ட்வைன் காலத்து மூடுபனியால் அல்ல. 1940களின் தொடக்கத்தில் கட்டிய எல்ம்வுட், மெக்பிரைட் என்னும் இரு அரசுக் குடியிருப்புகளை மாவட்ட வீட்டுவசதி நிருவாகம் பல்லாண்டு பராமரிக்காமல் விட்டது. எலி, கரப்பான், வேலைசெய்யாத வெப்பக்கருவி. 2016இல் கூட்டரசின் வீட்டுவசதித் துறை நிருவாகத்தைக் கையிலெடுத்தது. 2017 ஏப்ரலில், பழுதுபார்க்கப் பணமில்லை, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று அறிவித்தது. ஏறத்தாழ நானூறு பேர், பாதியளவு குழந்தைகள். வேறிடத்தில் வாடகைக்குக் குடியேற உதவிச்சீட்டு தந்தார்கள், ஆனால் கேரோவில் வாடகைக்கு வீடே இல்லை. ஆக, உதவிச்சீட்டு என்பது ஊரைவிட்டுப் போவதற்கான சீட்டு. சிலர் தம் தாத்தா காலத்திலிருந்து வாழ்ந்த இடத்தை விட்டு மிஸௌரிக்கும் கென்டக்கிக்கும் போனார்கள். குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. இப்போது அங்கே வெற்று நிலம். காணொளிக்காரர் அடுத்தமுறை வரும்போது 'பாருங்கள், ஒன்றுமே இல்லை' என்பார்.

எஞ்சியவர்கள் என்ன செய்கிறார்கள்? மருத்துவமனை 1980களிலேயே மூடப்பட்டது. கடைசி மளிகைக்கடையும் 2010களில் மூடியபின், பால் வாங்கவும் ஆற்றைக் கடக்க வேண்டியதாயிற்று. 2023இல் ஊரார் கூட்டுறவு முறையில் தாமே ஒரு கடையைத் திறந்தார்கள். அது விரைவிலேயே தள்ளாடத் தொடங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் செத்தவர்கள் பங்குப்பணம் போட்டுக் கடை திறப்பதில்லை.

மீண்டும் 2011க்கு வருவோம். 1927இன் பெருவெள்ளத்துக்குப்பின் இயற்றிய சட்டப்படி, கேரோவுக்கு எதிரே மிஸௌரி பக்கத்தில் சுமார் 1,30,000 ஏக்கர் தாழ்நிலம் வெள்ள வடிகாலாக ஒதுக்கப்பட்டது. ஆறு எல்லைமீறினால் பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடிவைத்துத் தகர்த்து, நீரை அந்நிலத்துக்குள் விடுவது ஏற்பாடு. 1937இல் ஒருமுறை அவ்வாறு செய்தார்கள். 2011இல் மிஸௌரி அரசு நீதிமன்றம் சென்று, உச்சநீதிமன்றம்வரை முயன்று, தோற்றது. கேரோவின் அளவுகோலில் ஆறு 61 அடியைத் தாண்டியது. அதற்குமுன் அவ்வளவு உயர்ந்ததில்லை. மே 2 இரவு கரை தகர்க்கப்பட்டது, கேரோ பிழைத்தது. ஊரின் பக்கம் நின்றவர்கள் மகிழ்ந்தோம்.

விளைநிலமா ஊரா என்பதுதான் அன்று எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. பேரவைத் தலைவரிடம் கேட்டதும் அதுவே. அவரைக் கண்டித்தவர்கள் சொன்னதும், விளைநிலம் பெரிதா மனிதர் பெரிதா என்பதே. ஆனால் அந்த 'விளைநில'த்துக்குள் பின்ஹுக் என்றொரு சிற்றூர் இருந்தது. 2010 கணக்கின்படி முப்பது பேர். 1940களில் கறுப்பினக் குத்தகை உழவர்கள் உருவாக்கியது. வேறெங்கும் அவர்களுக்கு நிலம் விற்க ஆளில்லாததால், வெள்ளம் வரும் அந்த நிலத்தை வாங்கி, காடு வெட்டி, வீடு கட்டி வாழ்ந்தார்கள். கேரோவுக்கு வந்துசேர்ந்தவர்களின் வரலாற்றுக்கு உறவான வரலாறுதான். வெடிவைப்பதற்கு முன் எந்த அதிகாரியும் வந்து தங்களை வெளியேற்றவில்லை, உதவவில்லை என்று அவர்கள் பின்னர் சொன்னார்கள். லாரன்ஸ், லாலெஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2018இல் அதைத் தனி நூலாகவே எழுதினார்கள். கிடைத்த வண்டிகளில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு அவர்கள் தாமாகவே வெளியேறினார்கள். கேரோவைக் காப்பாற்றிய நீர் பின்ஹுக்கின் வீடுகளுக்குள் பல அடி உயரம் ஏறி நின்றது. ஊர் மறுபடி அந்த இடத்தில் எழவில்லை.